குழந்தைகளின் கண்ணீரை அறிந்த மருத்துவர்

வாழ்க்கை வரலாறு என்றதும் அரசர்களும், தளபதிகளும், விஞ்ஞானிகளும் நம் நினைவுக்கு வருகிறார்கள். நாங்கள் இங்கே எழுத முன்வந்திருப்பது ஒரு குழந்தை மருத்துவரைப் பற்றி. அவரைப் பற்றி நாங்கள் தெரிந்துகொண்டதே ஒரு தவறு செய்த பிறகுதான். ஆகவே முதலில் அந்தத் தவறைச் சொல்லிவிடுகிறோம்.

சென்ற கோடை விடுமுறையில் சிறு பிள்ளைகளுக்காகப் பத்து நாள் முகாம் ஒன்று நடந்தது. அவர்களைக் கவனித்துக்கொள்ள எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேர் சென்றோம். பாட்டு, விளையாட்டு, கைவேலை, நாடகம் என்று காலை முதல் மாலை வரை அட்டவணை போட்டு வைத்திருந்தோம். இரவைப் பற்றி மட்டும் நாங்கள் யோசிக்கவே இல்லை. முதல் நாள் இரவு விளக்கை அணைத்ததும் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அழத் தொடங்கினாள். அவள் அழுவதைக் கேட்டு இன்னும் இருவர் அழுதார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். எங்களுக்கோ ஒரே களைப்பு. அழுதால் நாளைக்கு விளையாட்டில் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று மிரட்டினோம். உடனே அழுகை நின்றது. வெற்றி பெற்றுவிட்டதாக எண்ணி நாங்களும் உறங்கிவிட்டோம்.

மறுநாள் காலையில் அந்தச் சிறுமி இட்லியைத் தொடவில்லை. யாரோடும் பேசவும் இல்லை. முகாமை நடத்திய சிஸ்டர் அவள் அருகில் போய் அமர்ந்தார். ஏன் அழுதாய் என்று கேட்கவில்லை. பூத்தொடுத்துக்கொண்டே அவள் வீட்டைப் பற்றி விசாரித்தார். சிறிது நேரத்தில் அவளாகவே சொன்னாள். வீட்டில் இரவு நேரத்தில் பாட்டியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் உறங்குவாளாம். அன்றிரவு சிஸ்டர் ஒரு பழைய சேலையை அவளிடம் கொடுத்து, எங்களில் ஒருத்தியை அருகில் படுக்கச் சொன்னார். சேலையின் ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் ஐந்தே நிமிடத்தில் உறங்கிவிட்டாள்.

எங்களுக்கு வெட்கமாக இருந்தது. சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெரியவர் இதே தவறை ஒரு முகாமில், அதுவும் முதல் நாள் இரவிலேயே செய்தார் என்றும், அந்தத் தவறே அவரை உலகம் போற்றும் ஆசிரியராக்கியது என்றும் சொன்னார். அவர்தாம் யானுஷ் கோர்ச்சாக்.

பிறப்பும் இளமையும்

போலந்து நாட்டின் வார்சா நகரில், வசதி மிக்க யூதக் குடும்பம் ஒன்றில் ஜூலை 22ஆம் நாள் அவர் பிறந்தார். ஆண்டு 1878ஆ, 1879ஆ என்பது அவருக்கே நிச்சயமாகத் தெரியாது. தந்தையார் பிறப்பைப் பதிவு செய்வதில் தாமதித்துவிட்டதே அதற்குக் காரணம். பெற்றோர் இட்ட பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். தந்தையார் வழக்கறிஞர். அக்காலத்தில் வார்சா ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியின் கீழ் இருந்தது.

சிறுவன் ஹென்ரிக் தனிமையில் வளர்ந்தவன். முற்றத்தில் விளையாடும் ஏழைப் பிள்ளைகளோடு சேரக் கூடாது என்பது வீட்டின் கட்டளை. உலகில் பணம் என்ற ஒன்றே இல்லாமல் செய்துவிட்டால், அழுக்கு உடையும் பசியுமாக எந்தப் பிள்ளையும் இருக்காது. பிறகு எல்லோரோடும் விளையாடலாம் என்று அவன் திட்டம் போட்டான். அந்தத் திட்டத்தைத் தன் பாட்டியிடம் மட்டும் இரகசியமாகச் சொன்னான். பாட்டி சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். குழந்தை சொல்வதைச் சிரிக்காமல் கேட்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் அது எவ்வளவு பெரிய பாக்கியம்!

அவனுக்கு ஐந்து வயது இருக்கும்போது அவன் ஆசையாய் வளர்த்த கானரிக் குருவி இறந்துபோனது. மிட்டாய்ப் பெட்டி ஒன்றில் அதை வைத்துப் புதைத்து, மேலே ஒரு சிலுவை நட விரும்பினான். பறவைக்குச் சிலுவை வைக்கக் கூடாது என்று வீட்டு வேலைக்காரப் பெண் தடுத்தாள். காவல்காரரின் மகனோ, அந்தக் குருவி யூதக் குருவி, நீயும் யூதன் என்று சொன்னான். தான் மற்றவர்களிலிருந்து வேறுபட்டவன் என்பதை ஹென்ரிக் அன்றுதான் அறிந்தான். அறுபது வயதைத் தாண்டிய பிறகும் அவர் தம் நாட்குறிப்பில் அந்தக் குருவியை மறக்காமல் எழுதினார். குழந்தை மனத்தில் விழும் ஒரு சொல் எத்தனை ஆண்டுகள் அங்கே தங்கிவிடுகிறது பாருங்கள்! இதைச் சொன்னபோது சிஸ்டர், நம் ஆண்டவரும் யூத குலத்தில் பிறந்தவரே என்பதை எங்களுக்கு நினைவூட்டினார்.

பள்ளியிலும் அவருக்கு மகிழ்ச்சி கிடைக்கவில்லை. ஒரு மாணவனை எல்லோர் முன்னிலையிலும் பிரம்பால் அடித்த காட்சி அவர் நெஞ்சை உலுக்கியது. வீட்டிலும் துன்பம் வந்தது. தந்தையார் மனநோய்க்கு ஆளாகி, சிகிச்சை பெற்றும் குணமாகாமல் 1896இல் இறந்தார். செல்வம் கரைந்தது. தாயையும் தமக்கையையும் காப்பாற்ற, மாணவப் பருவத்திலேயே அவர் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். மனம் நோயுறுவது வெட்கப்படவேண்டிய செயல் அன்று, உடல் நோயைப் போலவே கவனிக்கவேண்டியது என்பதை அவர் புத்தகத்தைப் படித்து அறிந்தவர் அல்லர். தம் வீட்டிலேயே கண்டவர்.

1898இல் நாடகப் போட்டி ஒன்றுக்கு எழுதியபோது, ஒரு நாவலின் கதாபாத்திரத்திலிருந்து யானுஷ் கோர்ச்சாக் என்ற பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். அதுவே நிலைத்துவிட்டது. அதே ஆண்டில் மருத்துவக் கல்வியைத் தொடங்கி 1905இல் மருத்துவரானார். ரஷ்ய-ஜப்பானியப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றித் திரும்பினார். பிறகு வார்சாவில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார்.

முகாமில் கற்ற பாடம்

அந்நாளில் வார்சாவில் ஏழைப் பிள்ளைகள் இருண்ட அறைகளிலும், காற்றில்லாத சந்துகளிலும் வளர்ந்தார்கள். அவர்களை நான்கு வாரங்கள் கிராமத்துக்கு அழைத்துச் சென்று, நல்ல உணவும் காற்றும் வெயிலும் கிடைக்கச் செய்ய ஒரு சங்கம் இருந்தது. இளைஞர் கோர்ச்சாக் 1904, 1907, 1908ஆம் ஆண்டுகளின் கோடையில் இத்தகைய முகாம்களில் சிறுவர்களின் பொறுப்பாளராகச் சென்றார். யூதச் சிறுவர்களின் முகாமுக்கும் சென்றார். கிறிஸ்தவச் சிறுவர்களின் முகாமுக்கும் சென்றார்.

முதல் முகாமுக்கு அவர் எப்படிப் போனார் தெரியுமா? எங்களைப் போலவேதான்! படம் காட்டும் விளக்கு, பாட்டுப்பெட்டி, பலகை விளையாட்டுகள் என்று பல சாமான்களைத் தயார் செய்துகொண்டார். பிள்ளைகள் மகிழ்ந்து ஆரவாரிப்பார்கள், தம்மைச் சுற்றிக் கூடுவார்கள் என்று கனவு கண்டார். ஆனால் அவர்களின் பெயர்களைக்கூட முன்னதாகத் தெரிந்துகொள்ளவில்லை. யார் எங்கே படுப்பது, யார் எங்கே அமர்ந்து உண்பது என்று எண்ணிப்பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்தவுடன் கட்டிலுக்குச் சண்டை. சாப்பாட்டு மேசையில் இடத்துக்குச் சண்டை. இரவு வந்தது. படுக்கையறையில் ஒருவன் சீட்டியடித்தான், இன்னொருவன் ஊளையிட்டான். கோர்ச்சாக்கின் பொறுமை போய்விட்டது. ஒரு சிறுவனின் காதைப் பிடித்து, வெளியே நாய் இருக்கும் தாழ்வாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவதாகப் பயமுறுத்தினார்.

குழந்தைகளை அடிப்பதையும் மிரட்டுவதையும் வெறுத்தவர் அவர். அதைப் பற்றி ஆவேசமாகப் பேசியவர் அவர். அவரே முதல் நாள் இரவில் அதைச் செய்துவிட்டார்! அடுத்த இரவு சிறுவர்கள் தடிகளைப் படுக்கையில் மறைத்து வைத்துக்கொண்டு கலகத்துக்குத் தயாரானார்கள். கோர்ச்சாக் மறுபடியும் கடுமையாகப் பேசித் தடிகளைப் பறித்தார்.

வேறு ஒருவராக இருந்தால், பொல்லாத பிள்ளைகள் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பார். கோர்ச்சாக் அப்படிச் செய்யவில்லை. தம்மையே கேட்டுக்கொண்டார். மறுநாள் காட்டுக்கு நடந்து சென்றபோது பிள்ளைகளோடு அமர்ந்து, நடந்ததைப் பற்றிப் பேசினார். அறிவுரை சொல்லவில்லை, அவர்கள் கருத்தைக் கேட்டார். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எப்படி மாற்றலாம் என்று விசாரித்தார். அதுவரை பிள்ளைகளைப் பார்த்துப் பேசியவர், முதல் தடவையாகப் பிள்ளைகளோடு பேசினார். அந்தக் காட்டில்தான் தாம் ஆசிரியரானதாக அவர் பிற்காலத்தில் எண்ணினார்.

அன்று முதல் அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு. காய்ச்சலும் இருமலும் மருத்துவருக்கு எப்படி நோயை அறிவிக்கின்றனவோ, அப்படியே ஒரு குழந்தையின் கண்ணீரும், புன்னகையும், முகம் சிவப்பதும் அதை வளர்ப்பவருக்கு அதன் உள்ளத்தை அறிவிக்கின்றன என்பதே அது. இருமலைக் கேட்டு எந்த மருத்துவராவது கோபித்துக்கொள்வாரா? இருமக் கூடாது என்று மிரட்டுவாரா? அழுகையைக் கேட்டு நாம் மட்டும் ஏன் கோபித்துக்கொள்ள வேண்டும்? முகாமில் நாங்கள் அந்தச் சிறுமியின் இருமலைத்தான் அதட்டி நிறுத்தினோம். நோயைப் பார்க்கவில்லை என்பது இதைக் கேட்டபோது எங்களுக்கு விளங்கியது.

அந்த முகாம் நாட்களைப் பற்றி அவர் பின்னர் இரண்டு நூல்கள் எழுதினார். அவற்றில் சிறுவர்கள் தங்களுக்குள் நீதிமன்றம் வைத்துத் தங்கள் வழக்குகளைத் தீர்த்துக்கொண்டதையும் வருணித்திருக்கிறார். அந்தச் சிறிய விதையே பிற்பாடு பெரிய மரமானது.

பிள்ளைகளின் குடியரசு

1912இல் வார்சாவின் கிரோஹ்மல்னா தெருவில் 92ஆம் எண் கட்டடத்தில் யூத அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லம் திறக்கப்பட்டது. நல்ல வருமானம் தந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு, கோர்ச்சாக் அதன் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. இல்லத்தின் மேல்மாடி அறையே அவர் வீடு. ஸ்டெபானியா வில்ச்சின்ஸ்கா என்ற அம்மையார் அவரோடு சேர்ந்து முப்பது ஆண்டுகள் அந்த இல்லத்தைத் தாய்போல் நடத்தினார். கோர்ச்சாக்கின் புகழில் இந்த அம்மையாரின் பெயர் மறைந்துவிடக் கூடாது என்பது எங்கள் விருப்பம். நூறு பிள்ளைகளுக்கு அன்றாடம் சோறும், துணியும், தூக்கமும் தவறாமல் கிடைக்கப் பாடுபட்டவர் அவரே.

அந்த இல்லத்தின் நடைமுறைகள் இன்று கேட்டாலும் வியப்பாக இருக்கின்றன. புதிதாக ஒரு பிள்ளை வந்தால், முதல் மூன்று மாதங்களுக்கு மூத்த பிள்ளை ஒன்று அதற்குத் துணையாக நியமிக்கப்படும். அந்த அண்ணனோ அக்காளோ புதியவரைப் பற்றி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவர வேண்டும். கோர்ச்சாக் அதைப் படித்துத் தம் கருத்தை எழுதுவார். புது இடத்துக்கு வந்த பிள்ளையின் பயம் இன்னொரு பிள்ளைக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பது அவர் எண்ணம்.

சுவரில் ஒரு தபால் பெட்டி இருந்தது. வாயால் சொல்லத் தயங்குகிற எதையும் பிள்ளைகள் எழுதிப் போடலாம். எழுதுவதற்குள்ளாகவே பாதிக் கோபம் தணிந்துவிடும். எது முக்கியம், எது முக்கியமில்லை என்பதும் புலப்படும். சண்டை போடும் பழக்கத்தை விட விரும்பும் பிள்ளை, கோர்ச்சாக்கிடம் பந்தயம் கட்டலாம். இந்த வாரம் இத்தனை சண்டைக்கு மேல் போடமாட்டேன் என்று சொல்லி அதைக் காப்பாற்றினால் மிட்டாய் பரிசு! ஒரேயடியாகத் திருந்திவிடு என்று அவர் கேட்டதில்லை. பத்துச் சண்டையை ஒன்பது ஆக்கினாலும் முன்னேற்றம்தான்.

எல்லாவற்றையும்விடப் புகழ் பெற்றது பிள்ளைகளின் நீதிமன்றம். நீதிபதிகள் பிள்ளைகளே. அதன் சட்டத்தை கோர்ச்சாக் எழுதினார். முதல் தொண்ணூற்றொன்பது விதிகளும் மன்னிப்பைப் பற்றியவை. தெரியாமல் செய்தான், மன்னிக்கிறோம்; வருந்துகிறான், மன்னிக்கிறோம் என்று இப்படியே போகும். நூறாவது விதிக்குப் பிறகுதான் குற்றம் குற்றமாகச் சொல்லப்படும். பெரியவர்களின் மேலும் வழக்குத் தொடரலாம். கோர்ச்சாக்கே அரையாண்டுக் காலத்தில் ஐந்து தடவை அந்த மன்றத்தின் முன் நின்றார். ஒரு சிறுவனின் காதில் அடித்ததும், ஒரு சிறுமி திருடியதாக ஆதாரமின்றிச் சந்தேகித்ததும் அவர்மேல் இருந்த வழக்குகள். பெரியவரும் தவறலாம், தவறினால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதை அவர் வகுப்பில் பாடமாக நடத்தவில்லை. குற்றவாளியாக எழுந்து நின்று காட்டினார்.

கோடை முகாமையும் அவர் மறக்கவில்லை. வார்சாவுக்கு அருகில் கொத்ஸ்வாவெக் என்ற இடத்தில், தங்கள் அருமை மகளை இழந்த பெற்றோர் அவள் நினைவாக ஒரு நிலத்தை இல்லத்துக்கு வழங்கினர். மகளின் பெயர் ரோஜா என்று பொருள்படும் ரூஷா. ஆகவே அந்த இடத்துக்குச் சின்ன ரோஜா என்ற பொருளில் ரூஷிச்கா என்று பெயர் வந்தது. 1921 முதல் இல்லத்துப் பிள்ளைகள் கோடையில் அங்கே சென்று தங்கினார்கள். தாய் தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு மரமும், வெயிலும், ஓடியாடத் திறந்த வெளியும் மருந்துகளாயின.

எழுத்தும் புகழும்

முதல் உலகப் போரில் மறுபடியும் இராணுவ மருத்துவராகச் சென்ற கோர்ச்சாக், போர்க்களத்து மருத்துவமனையில் இருந்துகொண்டே குழந்தையை நேசிப்பது எப்படி என்ற நூலை எழுதினார். போருக்குப் பின் அவருக்கு நச்சுக்காய்ச்சல் கண்டது. அவருக்குப் பணிவிடை செய்த தாயார் அதே நோய் தொற்றி 1920இல் இறந்தார். அந்தத் துயரத்திலிருந்து பிரார்த்தனைகளின் நூல் ஒன்று பிறந்தது. 1923இல் வெளிவந்த மத்தியுஷ் அரசன் என்ற கதை, சிறுவன் ஒருவன் நாடாளும் கதை. போலந்துப் பிள்ளைகள் இன்றும் அதை விரும்பிப் படிக்கிறார்கள்.

மரியா பால்ஸ்கா என்ற அம்மையார் 1919இல் தொடங்கிய போலந்துப் பிள்ளைகளின் இல்லத்துக்கும் பல ஆண்டுகள் துணை நின்றார். 1926இல் பிள்ளைகளே எழுதும் வாரப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். வானொலியில் முதிய மருத்துவர் என்ற பெயரில் பேசினார். யூதர் என்று தெரிந்தால் எதிர்ப்பு எழுமென்று பெயரைச் சொல்லாமல் பேசவேண்டிய நிலை. எனினும் அந்தக் குரலை நாடே அறிந்திருந்தது.

இருள் சூழ்ந்த நாட்கள்

1939 செப்டம்பரில் ஹிட்லரின் படைகள் போலந்தில் நுழைந்தன. 1940 கோடையில், ஆக்கிரமிப்பின் நடுவிலும், கோர்ச்சாக் எப்படியோ முயன்று பிள்ளைகளை ரூஷிச்காவுக்கு அழைத்துச் சென்றார். அதுவே அவர்களின் கடைசிக் கோடை முகாம். அதே ஆண்டு நவம்பரில் வார்சாவின் யூதர்கள் அனைவரும் மதில் சூழ்ந்த ஒரு பகுதிக்குள் அடைக்கப்பட்டனர். இல்லமும் அங்கே மாறியது. மாறும்போது பிள்ளைகளுக்கான உருளைக்கிழங்கு வண்டியைச் சிப்பாய்கள் பறித்துக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கேட்கப் போன கோர்ச்சாக்கைச் சிறையில் அடைத்தார்கள். விடுதலையாகி வந்த பிறகு, நோயும் முதுமையும் வாட்ட, தினமும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பிள்ளைகளுக்காக உணவு பிச்சையெடுத்தார். சுமார் இருநூறு பிள்ளைகள் அவரை நம்பி இருந்தார்கள். வெளியே தெருக்களில் பட்டினியால் மடிந்தோர் கிடந்தனர். உள்ளே இல்லத்தில் பாடமும், பாட்டும், நீதிமன்றமும், நாட்குறிப்பும் முன்போலவே நடந்தன. உலகம் சிதைந்துகொண்டிருந்தாலும், பிள்ளைகளின் ஒரு நாள் ஒழுங்காக விடிந்து ஒழுங்காக முடிய வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இந்த இடத்தில்தான் நம் பாரத நாடு அவர் வரலாற்றில் வருகிறது. 1942 ஜூலை 18ஆம் நாள் இல்லத்துப் பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தார்கள். அது மகாகவி ரவீந்திரநாத் தாகூரின் தபால் நிலையம். நோயுற்று அறைக்குள் அடைபட்டிருக்கும் அமல் என்ற சிறுவன், சன்னல் வழியே உலகைப் பார்க்கிறான். அரசரிடமிருந்து தனக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். காத்திருந்தபடியே அமைதியாகக் கண் மூடுகிறான். மதிலுக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்கு அமல் அந்நியனாகவா இருந்திருப்பான்? வங்காளத்தில் எழுதிய ஒரு நாடகம் வார்சாவின் பிள்ளைகளுக்குத் துணையாகப் போயிற்று. மரணத்தைப் பயமின்றி ஏற்கப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே கோர்ச்சாக் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லப்படுகிறது.

நான்கு நாட்கள் கழித்து, அவருடைய பிறந்த நாளான ஜூலை 22ஆம் நாளன்று, யூதர்களை இரயிலில் ஏற்றிக் கொலை முகாமுக்கு அனுப்பும் வேலை தொடங்கியது. மதிலுக்கு வெளியே ஒளிந்து வாழ வழி செய்வதாக நண்பர்கள் கோர்ச்சாக்கை அழைத்திருந்தார்கள். பிள்ளைகளை விட்டு வர அவர் மறுத்துவிட்டார். ஆகஸ்ட் 5ஆம் நாள் காலை இல்லத்தின் முறை வந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்று தெருவில் நடந்தார்கள். முன்னால் கோர்ச்சாக் நடந்தார். ஸ்டெபானியா அம்மையாரும் மற்ற ஊழியர்களும் உடன் சென்றார்கள். பிள்ளைகள் அழவில்லை என்றும், அமைதியாக நடந்தார்கள் என்றும் கண்டவர்கள் சொன்னார்கள். இரயில் ட்ரெப்ளிங்காவுக்குச் சென்றது. அவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கோடை முகாமின் முதல் இரவில், ஆர்ப்பரித்த பிள்ளைகளிடம் பொறுமை இழந்தவர் இவர். கடைசிப் பயணத்தில் பிள்ளைகள் அவர் கைகளைப் பற்றிக்கொண்டு நடந்தார்கள். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே அவருடைய வாழ்க்கை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அவர் விட்டுச் சென்றவை

மறைத்து வைக்கப்பட்ட அவருடைய நாட்குறிப்பு தப்பிப் பிழைத்து 1958இல் அச்சாகியது. ட்ரெப்ளிங்காவில் இன்று ஆயிரக்கணக்கான கற்கள் நடப்பட்டிருக்கின்றன. பலவற்றில் ஊர்ப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தனி மனிதரின் பெயர் பொறித்த கல் ஒன்றே ஒன்றுதான். அது யானுஷ் கோர்ச்சாக்குக்கும் அவர் பிள்ளைகளுக்கும் உரியது. குழந்தைகளுக்கும் உரிமைகள் உண்டு என்று அவர் எழுதியதை அவர் நாடு மறக்கவில்லை. 1978இல் போலந்து முன்மொழிந்த கருத்தே வளர்ந்து, 1989 நவம்பர் 20இல் ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை ஆயிற்று.

இதையெல்லாம் கேட்ட பிறகு முகாமில் எங்களுக்கு இன்னும் ஏழு நாட்கள் இருந்தன. பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஒவ்வொரு சிறு பிள்ளைக்கும் சற்றுப் பெரிய பிள்ளை ஒன்றைத் துணையாக்கினோம். பிஸ்கட் டப்பா ஒன்றில் துளை போட்டு வராந்தாவில் தொங்கவிட்டோம். முதல் நாள் அதில் ஒன்றும் விழவில்லை. இரண்டாம் நாள் மூன்று சீட்டுகள் இருந்தன. ஒருத்திக்குச் சாம்பார் காரமாக இருந்ததாம். இன்னொருத்தி பாட்டுக்குழுவில் சேர ஆசைப்பட்டாள். மூன்றாவது சீட்டில், இரவில் கழிவறைக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று பென்சிலால் எழுதியிருந்தது. பெயர் இல்லை. நாங்களும் தேடவில்லை. அன்று முதல் கழிவறை வழியில் இரவு முழுவதும் ஒரு விளக்கை எரியவிட்டோம். அந்தச் சிறுமி யார் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. முகாம் முடிந்து வீடு திரும்பியபோது எல்லாப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே கையசைத்தார்கள். அவர்களில் அவளும் ஒருத்தி.

அன்புத் தோழியரே! அடுத்த கோடையில் உங்களில் பலர் முகாமுக்குச் செல்வீர்கள். பாட்டும் விளையாட்டும் அவசியம் தயார் செய்யுங்கள். அதற்கு முன்பாகப் பிள்ளைகளின் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். இரவு எப்படிக் கழியும் என்று யோசியுங்கள். ஒரு பிள்ளை அழுதால் அருகில் அமருங்கள். நமக்குத் தீராத துன்பம் என்று தெரிந்தால் பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள். வீட்டிலும் வகுப்பிலும் நம் பக்கத்திலேயே பேசாமல் இருப்பவள் ஒருத்தி இருக்கக்கூடும். அவளிடம் ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்பதைவிட, சற்று நேரம் உடனிருப்பது நல்லது. பெற்றோர்களே, நாங்கள் சொல்வது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும், கோர்ச்சாக்கின் பாட்டியைப் போலச் சிரிக்காமல் கேட்குமாறு பணிவோடு வேண்டுகிறோம்.

சிறு பிள்ளைகள் தம்மிடம் வருவதை ஆண்டவர் தடுக்கவில்லை. அவர்களை அணைத்துக்கொண்டார். அந்த அன்பில் ஒரு துளியாவது எங்களுக்கும் கிடைக்க அவரை வேண்டுகிறோம்.

– பத்தாம் வகுப்பு மாணவி